மாத்திரையைப் பழச்சாற்றோடு விழுங்கலாமா? இடைவெளி விட்டால் போதுமா?

காலையில் மாத்திரையை ஜூஸோடு விழுங்கலாமா, இல்லை இரண்டு மணி நேரம் தள்ளி ஜூஸ் குடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரோடு விழுங்குங்கள், அதில் யோசிக்கவே வேண்டாம். இடைவெளி மட்டும் எந்தப் பழம், எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. சிலவற்றுக்கு ஒரு நாள் முழுக்க விட்டாலும் போதாது.

என் அம்மாவுக்கு ஒவ்வாமைத் தும்மல். ஃபெக்சோஃபெனடின் மாத்திரையைத் தினமும் ஆப்பிள் ஜூஸோடுதான் போடுவார், தொண்டையில் சுலபமாக இறங்குகிறது என்று. மாத்திரை கேட்கவே இல்லை என்று வாரக்கணக்கில் புலம்பினார். மருந்துக்கடையில் போய்ச் சொன்னதும் அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எதோட முழுங்குறீங்கம்மா?" இந்த மருந்தைக் குடலிலிருந்து உடலுக்குள் இழுத்துக்கொள்வதற்கென்று ஓஏடிபி என்ற வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஆப்பிள், ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் சாறுகள் அந்தப் புரதங்களை மறித்துவிடும், அதனால் மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். நல்லவேளையாக இந்தத் தடை சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது, ஆகவே இங்கே இடைவெளி உதவும். அம்மா தண்ணீருக்கு மாறினார், டோஸைக் கூட்டத் தேவைப்படவில்லை.

கிரேப்ஃப்ரூட் செய்யும் இன்னொரு வேலை இதற்கு நேர் எதிரானது, அதைத்தான் நான் உண்மையில் பயத்தோடு சொல்கிறேன். (பெயரைப் பார்த்து திராட்சை என்று நினைத்துவிடாதீர்கள், இது பம்பளிமாஸின் உறவு.) கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள், மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். மது சேர்க்காத சாற்றைக் குடித்தவர்களுக்கும் ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத உயரத்தில் இருந்தது. 1989-இல் இது வெளிவந்தது.

காரணம் குடல் சுவரில் இருக்கிறது. அங்குள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி பல மருந்துகளில் பெரும்பங்கை ரத்தத்துக்குப் போகும் முன்பே சிதைத்துவிடும், அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் டோஸே முடிவு செய்யப்படுகிறது. கிரேப்ஃப்ரூட் சாற்றிலுள்ள ஃபியூரனோகுமரின்கள் என்ற வேதிப்பொருட்கள் அந்த நொதியைத் தற்காலிகமாகத் தடுப்பதில்லை, ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்கின்றன, குடல் புதிதாக நொதியை உண்டாக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆகலாம். ஒரே ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி, இதற்குப் போதும். காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை என்று பிரித்துக்கொண்டவர்கள் தப்பிவிட்டோம் என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது.

கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினில் இப்படி அளவு ஏறினால் தசை வலியில் ஆரம்பித்து, அரிதாக தசையே சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை வரை போகலாம். மாற்று உறுப்பு பெற்றவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் இரண்டும் இதே பட்டியல்தான். பம்பளிமாஸிலும், மார்மலேட் செய்யும் கசப்பு ஆரஞ்சிலும் இதே பொருட்கள் உண்டு. சாதாரண இனிப்பு ஆரஞ்சால் இந்த வகைச் சிக்கல் வருவதில்லை.

உங்கள் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கொழுப்பு மாத்திரையாக இருந்து, கிரேப்ஃப்ரூட்டை விடவும் மனமில்லை என்றால், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிரவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும் இந்த நொதியை நம்பி இல்லை, அவற்றில் ஒன்றுக்கு மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.