அடைவுச் சீட்டில் வாங்கிய பழம்பொருட்கள்

கேள்வி: நல்லூரில் இருக்கிறோம். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய குத்துவிளக்கு, மூக்குப்பேணி (மூக்கு வைத்த குடிக்கும் பேணி), முதிரை மரப் பெட்டகம் என்று சேர்க்கிறார். இதற்காக இரண்டு வருடங்களுக்கு முன் என் நகைகளை 18 வீத வட்டிக்கு அடைவு வைத்து 10 இலட்சம் எடுத்தார். வட்டி கட்டாமல், வருடம் முடிய அதையும் சேர்த்துத் திருப்பி வைத்தார். கனடாவில் இருக்கும் மச்சான், "வாங்கி வையுங்கோ, நான் இங்கே கொண்டுவந்து விற்றுத் தாறன்" என்கிறார். இப்போது ஒரு பெட்டி பழைய நாணயத்துக்கு இன்னும் 3 இலட்சம் வேண்டுமாம். மிச்ச நகையையும் கொடுக்கட்டோ?

பதில்: கொடுக்க வேண்டாம். சேர்க்கும் விருப்பத்தில் பிழையில்லை. மூக்குப்பேணியைப் பேணுகிற வீடு யாழ்ப்பாணத்தில் இன்னும் வேண்டும். உங்களைக் கெடுப்பது அடைவைத் திருப்பித் திருப்பி வைக்கிற பழக்கம்.

முதல் வருடம் வட்டி 1,80,000. அது முதலோடு சேர, இரண்டாம் வருடம் 2,12,000 சொச்சம். இன்றைய கடன் கிட்டத்தட்ட 14 இலட்சம். வியாபாரி விற்கும் விலையில் மூன்றிலொன்றைத் தன் இலாபமாக வைத்தாலே, உங்கள் சாமான் கடையில் 21 இலட்சத்துக்குப் போனால்தான் கணக்குச் சரி. பெட்டகம் வாடகையும் தராது, வட்டியும் தராது. "தங்கத்தைவிட நல்ல முதலீடு" என்று பழம்பொருளை விற்பவர்களிடம், அதே பொருளை அடுத்த மாதம் என்ன விலைக்குத் திருப்பி எடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

நாணயப் பெட்டி இன்னும் ஆபத்து. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) துட்டுகள் 18ஆம் நூற்றாண்டில் ஏராளமாக அடிக்கப்பட்டவை. தேய்ந்தவற்றுக்குப் பெரிய விலை இல்லை. நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் உள்ள, யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் காலக் காசுக்கு மதிப்பு உண்டு, அதனாலேயே போலியும் உண்டு. வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, முகத்தில் ஊசித் துளைகள், சவர்க்காரம் கரைந்ததுபோல மழுங்கிய எழுத்து இருக்கும். புளி போட்டு மினுக்கிய காசை அறிந்தவர்கள் விலை குறைத்தே கேட்பார்கள். மண்ணிறப் படிவு போனால் திரும்பாது. "கிணறு வெட்டும்போது கிடைத்தது" என்றால் தொடவே வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, புதைந்து கிடந்து எடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது.

மச்சானின் யோசனையும் அங்கேதான் உடைகிறது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளை உரிமப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் இதில் கடுமையானது. பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிற விடயமல்ல இது. சுங்கத்தில் பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும்.

இந்த மாதமே இலகுவில் விலைபோகும் பித்தளைச் சாமான்களை விற்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டபின் கொடுக்கட்டும். விளக்கை மினுக்காமல் அப்படியே காட்டுங்கள். வந்த காசு முழுவதும் அடைவுக்கு. போதாவிட்டால் ஒரு சோடி காப்பை விற்று மற்ற நகைகளை மீளுங்கள். மனம் நோகும்தான், ஆனால் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் ஏறும் வட்டி நின்றுவிடும். இனி வாங்குவதென்றால் ஓய்வூதியத்தில் மிஞ்சுவதில் மட்டும். மச்சானுக்கு அந்தப் பெட்டி உண்மையில் வேண்டுமென்றால், முழுக் காசையும் முதலில் அனுப்பி, உரிமப்பத்திரத்துக்குத் தன் பெயரில் விண்ணப்பிக்கட்டும்.