நிலக்கரியில் பாதரசம்: எந்தக் கந்தகம் என்று கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பகுதி அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து நிலக்கரி வருகிறது. அதில் கந்தகம் அரை சதவீதம்தான், ஆகவே பாதரசமும் குறைவு என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்குமாமே? அப்படியானால் கந்தகத்தை நீக்கினால் பாதரசமும் போய்விடுமா?

வாசகர், வடசென்னை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு உண்மைதான். சித்த மருத்துவர்கள் இரசத்தையும் (பாதரசம்தான்) கந்தகத்தையும் கல்வத்தில் அரைத்துக் கஜ்ஜளி என்ற கரிய பொடி செய்வது அதனால்தான். மண்ணுக்கடியில் அதே சேர்க்கை லிங்கம் என்ற சிவந்த கனிமமாகக் கிடைக்கிறது. ஆனால் மொத்தக் கந்தகத்தின் அளவை வைத்துப் பாதரசத்தை ஊகிக்க முடியாது. அரை சதவீதம் என்றால் டன்னுக்கு 5 கிலோ கந்தகம். பாதரசமோ பெரும்பாலும் 0.1 பிபிஎம் அளவில், அதாவது டன்னுக்கு 0.1 கிராம். ஐம்பதாயிரத்துக்கு ஒரு பங்கு.

அந்த ஒரு பங்கு ஒட்டிக்கொள்வது முக்கியமாகப் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தில். நிலக்கரியின் கரிமப் பொருளோடு பிணைந்த கந்தகமும், சல்பேட்டாக இருக்கும் கந்தகமும் வேறு வகை. அசாமின் மாக்கும் நிலக்கரியில் கந்தகம் மிக அதிகம், ஆனால் பெரும்பகுதி கரிமக் கந்தகம். அந்த எண்ணைப் பார்த்துப் பாதரசத்துக்கு அஞ்சுவது பொருந்தாது. பைரைட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் வாரியர் படுகை நிலக்கரியில், பிற்காலத்தில் விரிசல்கள் வழியே ஏறிய வெந்நீர்க் கரைசல்கள் விட்டுச்சென்ற ஆர்சனிக் மிகுந்த பைரைட்டில்தான் பாதரசம் செறிந்திருக்கிறது.

ஆகவே ஆய்வகத்திடம் கந்தகத்தை வகை பிரித்துக் கேளுங்கள். பொடித்த மாதிரியை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைப்பார்கள். சல்பேட் கரைந்துவிடும், பைரைட்டைச் சேராத இரும்பும் கரைந்து விலகும். எஞ்சியதை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் பைரைட் கரையும். அதில் வரும் இரும்பின் அளவை 1.148 ஆல் பெருக்கினால் பைரைட் கந்தகம் கிடைக்கும். மொத்தத்தில் மீதி கரிமக் கந்தகம். முதல் கட்டத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் களிமண், கார்பனேட் இரும்பெல்லாம் பைரைட் கணக்கில் ஏறிவிடும்.

பாதரசத்தை நேரடியாகவே அளக்க வேண்டும். மாதிரியைச் சூடேற்றி உலர்த்தினால் கொஞ்சம் ஆவியாகிப் போகலாம்; அறை வெப்பத்தில் காற்றில் உலர்த்துவதே நல்லது. நிலக்கரியை எரித்து, அந்தச் சாம்பலைச் சோதித்துவிட்டுப் பாதரசம் இல்லை என்று எழுதுவது பெரும்பிழை. அது எரிக்கும்போதே பறந்துவிட்டது.

கழுவினால் நீங்குமா என்றால், பைரைட் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பைரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 5, சுத்தமான நிலக்கரியுடையது 1.3 அளவு. விரிசல்களில் படிந்த பருமனான பைரைட் எளிதில் கீழே இறங்கிவிடும். சில மைக்ரான் அளவில் நிலக்கரிக்குள்ளேயே புதைந்திருக்கும் மணிகளை நிலக்கரி கழுவும் எந்த வாஷரியும் பிரிக்காது.

கொதிகலனுக்குள் போனபின் உறவு தலைகீழாகிறது. பாதரசம் முழுவதும் தனிம ஆவியாகும், அதாவது வேறெதனோடும் சேராத தனிப் பாதரச ஆவியாகும். புகை குளிரும்போது குளோரின் அதில் ஒரு பகுதியை ஆக்சிஜனேற்றி, நீரில் கரையும் பாதரசக் குளோரைடாக்கும். புகையைச் சுண்ணாம்புக்கல் குழம்பால் கழுவிக் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் எஃப்.ஜி.டி. ஸ்க்ரப்பர், பாதரசத்தில் பிடிப்பது இந்தப் பகுதியைத்தான். தனிம ஆவி நீரில் கரையாது, புகைபோக்கி வழியே போய்விடும். கந்தக டை ஆக்சைடு 95 சதவீதம் பிடிபட்டதென்றால் பாதரசமும் அவ்வளவு பிடிபட்டது என்று பொருளில்லை.

இன்னும் மோசம், ஸ்க்ரப்பர் குழம்பில் சேரும் சல்பைட், கரைந்த பாதரசத்தை மீண்டும் தனிமமாக மாற்றி வெளியேற்றலாம். குழம்பில் சோடியம் சல்பைடு போன்றதைச் சேர்த்து, கரையாத பாதரச சல்பைடாக வீழ்த்துவது இதைத் தடுக்கத்தான். அங்கே கந்தகமே துணைக்கு வருகிறது. பாதரசத்தைப் பிடிக்கப் புகையில் ஆக்டிவேட்டட் கார்பன் பொடியைத் தூவும் ஆலையில், புகையிலுள்ள கந்தக டிரை ஆக்சைடு எதிரி: சில பிபிஎம் இருந்தாலே கார்பனின் இடங்களைப் பிடித்துக்கொண்டு பாதரசத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

பிடிபட்ட பாதரசம் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். அது பறக்கும் சாம்பலிலும் ஜிப்சத்திலும் கழிவுநீரிலும் இருக்கிறது. பறக்கும் சாம்பலை சிமென்ட் அரைக்கும்போது கலந்தால் பாதரசம் பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடும். மூலப்பொருளாகச் சூளைக்குள் போட்டால் மறுபடி ஆவியாகும்.