விசிட்டர் பேட்டர்ன் எதற்கு, இன்ஸ்டன்ஸ்ஆஃப் போதாதா?

கேள்வி: ஜாவாவில் அனோட்டேஷன் பிராசசர் (கம்பைல் நேரத்தில் கோடைப் படித்துச் சோதிக்கும் அல்லது புதுக் கோட் உருவாக்கும் கருவி) எழுதுகிறேன். கையில் வரும் எலிமெண்ட் (கோடின் ஒரு பகுதியைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) கிளாஸா, மெத்தடா, ஃபீல்டா என்று, ஆப்ஜெக்டின் டைப்பைக் கேட்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துப் பார்த்தாலே வேலை நடக்கிறது. டீமில் இருக்கும் சீனியர் அதை விசிட்டராக, அதாவது ஒவ்வொரு வகைக்கும் தனி மெத்தட் உள்ள கிளாஸாக, மாற்றச் சொல்கிறார். எதற்கு இந்தச் சுற்றுவழி?

பதில்:

மாற்றிவிடுங்கள். உங்கள் சீனியர் சொல்வது சரிதான்.

முதல் காரணம் ஜாவாவின் ஆவணத்திலேயே இருக்கிறது. எலிமெண்ட் இன்டர்ஃபேஸின் விளக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரே ஆப்ஜெக்ட் இரண்டு மூன்று துணை இன்டர்ஃபேஸ்களைச் சேர்த்து இம்ப்ளிமெண்ட் செய்யலாம், அதனால் இன்ஸ்டன்ஸ்ஆஃபை நம்பி வகை பிரிக்காதீர்கள், விசிட்டரையோ, வகையைச் சொல்லும் கெட்கைண்ட் மெத்தடையோ பயன்படுத்துங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இன்டர்ஃபேஸ்களை ஜாவாவுடன் வரும் கம்பைலரான ஜாவாசி (javac) ஒரு விதமாக இம்ப்ளிமெண்ட் செய்கிறது, எக்லிப்ஸின் கம்பைலர் தனக்கென்று வேறு கிளாஸ்கள் வைத்திருக்கிறது. உங்கள் மெஷினில் இன்று ஓடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, விசிட்டர் என்னதான் செய்கிறது? எனக்கு இது புரிந்தது ஒரு தப்பு செய்த பிறகுதான். "சோதி" என்ற ஒரே பெயரில் மூன்று மெத்தட் எழுதியிருந்தேன். ஒன்று டைப்எலிமெண்ட் (கிளாஸ்) வாங்கும், ஒன்று எக்ஸிக்யூட்டபிள்எலிமெண்ட் (மெத்தட்) வாங்கும், மூன்றாவது பொதுவான எலிமெண்ட் வாங்கும். லூப்பில் ஒவ்வொரு எலிமெண்டையும் "சோதி"க்குக் கொடுத்தேன். வந்தது கிளாஸாக இருந்தாலும் மெத்தடாக இருந்தாலும் மூன்றாவதே ஓடியது. அரை நாள் போனது. இப்படி ஒரே பெயரில் பல மெத்தட் வைக்கும் ஓவர்லோடிங்கில் எந்த மெத்தட் என்பதைக் கம்பைல் நேரத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். லூப் வேரியபிளின் டைப் எலிமெண்ட் என்றால், உள்ளே நிஜமாக இருக்கும் ஆப்ஜெக்ட் எதுவென்று ஜாவா பார்க்காது.

ஒவ்வொரு எலிமெண்டிலும் இருக்கும், விசிட்டரை வாங்கிக்கொள்ளும் அக்செப்ட் மெத்தட் இந்த இடத்தைத்தான் அடைக்கிறது. கிளாஸைக் குறிக்கும் ஆப்ஜெக்டின் அக்செப்டுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி: விசிட்டரின் விசிட்டைப் (visitType) மெத்தடைக் கூப்பிட்டு, திஸ் என்று தன்னைக் கொடுப்பது. மெத்தடைக் குறிக்கும் ஆப்ஜெக்டில் அதே இடத்தில் விசிட்எக்ஸிக்யூட்டபிள் இருக்கும். அந்த வரி எழுதப்பட்ட கிளாஸுக்குள் திஸ் என்ன டைப் என்பது கம்பைலருக்கு நிச்சயமாகத் தெரியும். நீங்கள் அக்செப்டைக் கூப்பிடும்போது எந்த எலிமெண்ட் என்பது ரன்டைமில் தீர்மானமாகிறது. அங்கிருந்து விசிட்டைப் கூப்பிடப்படும்போது எந்த விசிட்டர் என்பது தீர்மானமாகிறது. இரண்டு முறை தேர்வு நடப்பதால் இதற்கு டபுள் டிஸ்பாட்ச் என்று பெயர். ஸ்மால்டாக் மொழியில் இந்த உத்தியை டான் இங்கால்ஸ் 1986-லேயே கட்டுரையாக எழுதியிருக்கிறார். 1994-இல் நான்கு பேர் சேர்ந்து எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் நூலில் விசிட்டருக்குக் காட்டிய உதாரணமும் கம்பைலரின் சின்டாக்ஸ் ட்ரீதான் (கோடின் அமைப்பைக் காட்டும் மரம்). அதாவது நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கென்றே யோசிக்கப்பட்ட விஷயம் இது.

ஏன் இங்கே இவ்வளவு பொருந்துகிறது? பேக்கேஜ், டைப், ஃபீல்டு, மெத்தட், டைப் பராமீட்டர் என்று எலிமெண்ட் வகைகள் கைவிரலில் எண்ணக்கூடியவை, அவற்றை மொழி முடிவு செய்கிறது. அவற்றின் மேல் செய்யவேண்டிய வேலைகளோ பெருகிக்கொண்டே போகும். நாங்கள் பெயரிடும் விதிகளைச் சரிபார்க்க ஒரு பிராசசர் எழுதித் தொடங்கினோம். அப்புறம் பில்டர் கிளாஸ் ஜெனரேட் செய்ய ஒன்று வந்தது, பப்ளிக் மெத்தட்களைப் பட்டியலிட இன்னொன்று. ஒவ்வொன்றும் தனி விசிட்டர், தனி ஃபைல். ஒன்றில் கை வைத்தால் மற்றது உடையாது. எலிமெண்ட் கிளாஸ்களோ ஜாவாவுக்குச் சொந்தம், நமக்கு வேண்டிய மெத்தடை அவற்றில் சேர்க்கவும் முடியாது.

ஆனால் மொழி வளர்ந்தால் இதற்கு விலை உண்டு, அதையும் சொல்லவேண்டும். வேலையைச் சேர்ப்பது சுலபமானால் வகையைச் சேர்ப்பது கஷ்டம், வகை சுலபமானால் வேலை கஷ்டம். ஃபிலிப் வாட்லர் 1998-இல் இதற்கு எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயர் வைத்தார். ஜாவாவிலும் இது நடந்தது. 2017-இல் ஜாவா 9-உடன் மாட்யூல் வந்தது, 2021-இல் ஜாவா 16-இல் ரெக்கார்ட் (தரவை மட்டும் வைத்திருக்கும் சுருக்கமான கிளாஸ் வகை) முறைப்படி மொழிக்குள் வந்தது. ஏற்கெனவே எழுதிய விசிட்டர்கள் கம்பைல் ஆகாமல் போகக்கூடாதே என்று புதிய விசிட் மெத்தட்களை டிஃபால்ட் மெத்தட்களாகச் சேர்த்து, அவை விசிட்அன்நோனைக் கூப்பிடும்படி செய்தார்கள்; நாம் மாற்றாதவரை அது எக்செப்ஷன் எறியும்.

எங்கள் ப்ராஜெக்ட் ஜாவா 17-க்கு மாறிய வாரம் ஒரு தோழி முதல் ரெக்கார்டை எழுதினார். மூன்று ஃபீல்டு உள்ள சின்ன ரெக்கார்ட்தான். பில்டு நின்றது. அன்நோன்எலிமெண்ட்எக்செப்ஷன், பக்கத்தில் அந்த ரெக்கார்டின் முதல் ஃபீல்டின் பெயர். அவர் தன் கோடில்தான் ஏதோ தவறு என்று ஒரு மணி நேரம் தேடியிருக்கிறார். தவறு எங்கள் பிராசசரில் இருந்தது. அது ஜாவா தரும் விசிட்டர் பேஸ் கிளாஸான எலிமெண்ட்ஸ்கேனர்9-ஐ எக்ஸ்டெண்ட் செய்திருந்தது, அதற்கு ரெக்கார்ட் காம்பொனென்ட் (ரெக்கார்டின் ஒவ்வொரு உறுப்பு) என்ற வகையே தெரியாது. எலிமெண்ட்ஸ்கேனர்14 என்று மாற்றியதும் பில்டு ஓடியது. கூடவே இன்னொன்றும் மாறியது: 14 டைப் பராமீட்டர்களுக்குள்ளும் போகிறது, 9 போகாது. அதனால் எங்கள் பெயர்ச் சோதனை ஜெனரிக் கிளாஸ்களின் ஒற்றை எழுத்து டைப் பராமீட்டர்களைப் பார்த்து எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தது. விசிட்டைப்பராமீட்டரை ஓவர்ரைடு செய்து அதை நிறுத்தினோம்.

பில்டு உடைந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் இன்ஸ்டன்ஸ்ஆஃப் சங்கிலியில் இதே ரெக்கார்ட் காம்பொனென்ட் வந்திருந்தால் ஃபீல்டுக்கான நிபந்தனையிலோ கடைசி எல்ஸிலோ சத்தமில்லாமல் விழுந்திருக்கும். சரியான சோதனை நடக்கவில்லை என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. கோட் ஜெனரேட் செய்யும் கருவியில் அதைவிட மோசமான பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எந்த பேஸ் கிளாஸ் எடுப்பது என்பதில் குழம்பவேண்டாம். மரம் முழுக்க இறங்கிப் போகவேண்டுமென்றால் எலிமெண்ட்ஸ்கேனர். ஒரே எலிமெண்டுக்கு ஒரு பதில் வேண்டுமென்றால் சிம்பிள்எலிமெண்ட்விசிட்டர், அதில் டிஃபால்ட்ஆக்ஷன் மெத்தட் உண்டு. எனமா (enum) இன்டர்ஃபேஸா என்று பிரிக்கவேண்டுமென்றால் எலிமெண்ட்கைண்ட்விசிட்டர். எலிமெண்ட்விசிட்டர் இன்டர்ஃபேஸை நேரடியாக இம்ப்ளிமெண்ட் செய்யாதீர்கள், எதிர்காலத்தில் மெத்தட்கள் கூடலாம் என்று ஆவணமே எச்சரிக்கிறது.

ஸ்கேனரில் புதிதாக வருபவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. விசிட்டைப்பை ஓவர்ரைடு செய்துவிட்டு உள்ளே சூப்பரின் விசிட்டைப்பைக் கூப்பிட மறந்தால், பயணம் அந்தக் கிளாஸோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் மெத்தட், ஃபீல்டு, நெஸ்டட் கிளாஸ் எதுவும் வராது, எர்ரரும் வராது. டெஸ்டில் கிளாஸுக்குள் கிளாஸ் வைத்த ஒரு ஃபைலைக் கட்டாயம் சேருங்கள்.

நீங்களே எழுதும் சின்ன மரத்துக்கு, உதாரணமாகக் கணக்குக் கோவைகளை மதிப்பிடும் புரோகிராமுக்கு, நான் இப்போது விசிட்டர் எழுதமாட்டேன். ஜாவா 21-இல் சீல்டு இன்டர்ஃபேஸையும் (யார் இம்ப்ளிமெண்ட் செய்யலாம் என்று பட்டியல் மூடப்பட்டது) டைப் பார்த்துப் பிரிக்கும் பேட்டர்ன் ஸ்விட்சையும் சேர்த்தால் விட்டுப்போன வகையைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும், அக்செப்ட் வரிகளும் மிச்சம். ஆனால் எலிமெண்ட் சீல்டு இன்டர்ஃபேஸ் இல்லை, அதன் மேல் டைப் பார்த்துப் பிரிப்பதை ஆவணமே வேண்டாம் என்கிறது. உங்களுக்கு அந்த வழி கிடையாது.

மாற்றுவது ஒரு மதிய வேலைதான். எலிமெண்ட்ஸ்கேனர்14-ஐ எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். ரிட்டர்ன் டைப், கூடுதல் பராமீட்டர் இரண்டும் தேவையில்லை என்றால் இரண்டு இடத்திலும் பெரிய வி போட்ட வாய்ட் (Void) கொடுத்து நல் (null) அனுப்புங்கள். இப்போதுள்ள ஒவ்வொரு எல்ஸ்-இஃபின் உடம்பையும் அதற்குரிய விசிட் மெத்தடுக்கு நகர்த்துங்கள். கடைசி எல்ஸில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் நகர்த்துவதற்கு முன்னால் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.