இசட்-இண்டெக்ஸ் 9999 கொடுத்தும் மெனு ஏன் படத்துக்கு அடியில் போகிறது?

கேள்வி: ஆரணிப் பட்டு விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறேன். ‘சேலை வகைகள்’ மெனுவைத் திறந்தால் குரோமில் பேனர் படத்துக்கு மேலே வருகிறது. கடைக்காரரின் பழைய ஐபோனில், சஃபாரியில், படத்துக்கு அடியில் போய்விடுகிறது. எது மேலே வர வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் எண்ணை 9999 என்று கொடுத்துப் பார்த்துவிட்டேன். என்ன செய்ய?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: நீங்கள் அனுப்பிய சிஎஸ்எஸ்ஸை (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் வரிகளை) பார்த்தேன். கோளாறு மெனுவில் இல்லை, அதைச் சுமக்கும் ஹெடரில், அதாவது பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கிறது.

அந்தக் கடையின் அலமாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டைப்பெட்டிக்குள் சேலைகளை அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் சேலை அந்தப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி மேலே இன்னொரு பெட்டி வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் சேலைக்கு எந்த எண் கொடுத்தும் வெளியே வராது. இந்தப் பெட்டியைத்தான் ‘ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட்’ என்கிறோம். டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, சுழற்றுவது), ஃபில்டர், பேக்டிராப்-ஃபில்டர் (பின்னால் இருப்பதை மங்கலாக்குவது), 1-க்குக் குறைவான ஒபாசிட்டி (லேசாக ஊடுருவித் தெரியச் செய்வது), இவற்றில் எது வந்தாலும் பிரவுசர் சத்தமில்லாமல் ஒரு பெட்டி செய்துவிடும்.

உங்கள் ஹெடரில் கண்ணாடி போல மங்கலாகத் தெரிய பேக்டிராப்-ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள், அதுவும் வெப்கிட் முன்னொட்டுடன் (பெயருக்கு முன்னால் ‘வெப்கிட்’ ஒட்டிய பழைய வடிவத்தில்) மட்டும். குரோம் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அதனால் அங்கே பெட்டி இல்லை, மெனுவின் 9999, பேனருக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இசட்-இண்டெக்ஸ் 1-உடன் நேராக மோதி ஜெயிக்கிறது. சஃபாரி அந்த வரியை ஏற்கிறது. ஹெடர் பெட்டியாகிறது, ஆனால் அதற்கு எண் எதுவும் இல்லாததால் 0 மட்டத்தில் நிற்கிறது. 1 உள்ள பேனர் மேலே ஏறிவிடுகிறது. குரோமில் சரியாக வந்தது தற்செயல்தான்.

சரி, தீர்வு. ஹெடருக்கு ‘பொசிஷன்: ரிலேட்டிவ்’, ‘இசட்-இண்டெக்ஸ்: 10’ கொடுங்கள். இனி எல்லா பிரவுசரிலும் அது பெட்டிதான், பேனருக்கு மேலேதான். மெனுவின் 9999-ஐ 1 ஆக்கிவிடுங்கள், அதுவே போதும். முன்னொட்டு இல்லாத பேக்டிராப்-ஃபில்டர் வரியையும் சேருங்கள். சஃபாரி 18-க்கு முந்தைய போன்களுக்காகப் பழைய வரியும் இருக்கட்டும்.

மெனு மறையாமல் பாதியில் வெட்டுப்பட்டால் அது வேறு பிரச்சினை, எல்லைக்கு வெளியே வருவதை மறைக்கும் ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அப்புறம், சேலைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பாப்-அப்புக்கு ‘டயலாக்’ டேக் பயன்படுத்தி ‘ஷோமோடல்’ கட்டளை மூலம் திறங்கள். பிரவுசரே அதை எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்கில் வைத்துவிடும். 2022 மார்ச் முதல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இது உண்டு. குரோமில் அதற்கு முன்பே வந்துவிட்டது.