கை போனைத் தேடுகிறதா? வாசகர் கேள்விகளும் மனநல ஆலோசகர் பதில்களும்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகத்தைத் திறந்து பத்து நிமிஷம் ஆவதற்குள் கை ரீல்ஸுக்குப் போய்விடுகிறது. செயலியை அழித்தாலும் மறுநாளே திரும்ப ஏற்றிவிடுகிறேன். எனக்கு மன உறுதியே இல்லையா?
(விருதுநகர் வாசகர்)

மன உறுதியை நம்பி இதில் இறங்காதீர்கள். முன்பெல்லாம் இணையப் பக்கம் ஓரிடத்தில் முடியும். 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டியிருக்கும். 'போதும்' என்று எழுந்துகொள்ள அங்கே ஒரு வாய்ப்பு இருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார். போதாக்குறைக்கு, அடுத்த வீடியோ சிரிக்க வைக்குமா, சப்பென்று போகுமா என்பதும் தெரியாது. தீனி எப்போது விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

ஆகவே தூரத்தைக் கூட்டுங்கள். படிக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அப்படி வைத்தவர்கள், மேசையில் வைத்திருந்தவர்களைவிட நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்ததாக டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2017இல் சொன்னது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் அதை ஆமோதிக்கவில்லை. இருந்தாலும் செய்து பார்க்கச் செலவு ஒன்றும் இல்லையே! செயலியிலிருந்து லாக்அவுட் செய்து, மனப்பாடம் ஆகாத நீளமான பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பீரோவுக்குள் வையுங்கள்.

முதல் வாரம் ஒரு அமர்வுக்கு இருபது நிமிடம் போதும். கை துறுதுறுத்தால் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடருங்கள். வாரக் கடைசியில் எந்தப் பாடத்தில் கோடுகள் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். என்னிடம் வரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கணக்கில்தான் குவிகிறது. புரியாத இடத்திலிருந்து தப்பிக்கத்தான் போன். அந்தப் பாடத்துக்கு ஆள் பிடித்துக் கற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பலன் உண்டா?
(சேலம் வாசகர்)

சிலருக்கு உண்டு. ஒரு வாரம் பாருங்கள். பழகிவிட்டால் அதிலும் உருட்டுவீர்கள்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு, பதினொரு மணிக்கு மேல்தான் எனக்கென்று நேரம் கிடைக்கிறது. அப்போது போன் பார்ப்பது தப்பா? பார்க்க ஆரம்பித்தால் ஒன்றரை ஆகிவிடுகிறது.
(தஞ்சாவூர் வாசகி)

தப்பே இல்லை. பகல் முழுக்க உங்களுக்கென்று அரை மணி நேரம்கூட விடாத வீட்டு ஏற்பாடுதான் தப்பு. மாலையில் அந்த அரை மணியைக் கணவரிடம் கேட்டு வாங்குங்கள். சமையலறையை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அது கிடைக்காதவரை நான் எந்த உபாயம் சொன்னாலும் நிற்காது. கிடைத்த பிறகு சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும்.

பத்தாம் வகுப்புப் பையன். போனைப் பிடுங்கினால் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறான். அடிமையாகிவிட்டானா?
(மதுரை வாசகர்)

'அடிமை' என்ற சொல்லை அவன் காதுபடச் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறு உண்டு; வீடியோ உருட்டுவது தனி நோயாக அதில் இல்லை. கோபம் ஆறியபின் உட்கார்ந்து நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். சாப்பிடும்போது யார் கையிலும் போன் இல்லை என்ற விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். தூக்கம், பள்ளி, நண்பர்கள் மூன்றும் கெட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இலவசமாகத் தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட்' கிளினிக் இருக்கிறது.

போன் போன்ற இன்பங்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைக்கும் 'டோபமைன் விரதம்' இருக்கலாமா?
(கோவை வாசகர்)

டோபமைன் மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள். அது இல்லாமல் கை கால்கூடச் சரியாக அசையாது. அதைப் பட்டினி போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போய் வாருங்கள். அதற்கு இவ்வளவு பெரிய பெயர் தேவையில்லை.