காய்ச்சலுக்குப் பிறகு 41-ஆம் நாள் வந்த மாதவிடாய்

கேள்வி: எனக்கு வயது 29. 28 நாள்களுக்கு ஒருமுறை பீரியட்ஸ் தவறாமல் வரும். போன முறை பீரியட்ஸ் தொடங்கிய 9-ஆம் நாள் வைரல் காய்ச்சல் வந்து, நான்கு நாள் 102 டிகிரி வரை அடித்தது. அடுத்த பீரியட்ஸ் 41-ஆம் நாள்தான் வந்தது. போக்கு அதிகம், கட்டிகட்டியாகவும் போனது. வலிக்கு மெஃப்டால் போட்டுக்கொண்டேன். 2021-ல் கோவிஷீல்டு போட்டபோதும் ஐந்து நாள் தள்ளிப்போனது. இப்போது வேலை செய்யும் இடத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். போடலாமா? பின்னால் குழந்தை உண்டாவதில் சிக்கல் வருமா?

பதில்: ஃப்ளூ ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். 41-ஆம் நாள் கணக்கு எப்படி வந்தது என்பதற்கு, காய்ச்சல் 9-ஆம் நாள் வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதே துப்பு.

மாதவிடாய்ச் சுழற்சியில் இரண்டு பாதிகள். முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த உதிரப்போக்கு வரை ஏறக்குறைய 14 நாள். இது பெரிதாக மாறாது. நீள்வதும் சுருங்குவதும் முட்டை வளரும் முதல் பாதிதான். உங்களுக்கு வழக்கமாக 14-ஆம் நாளையொட்டி முட்டை வெளிவரும். அதற்குச் சரியாக ஐந்து நாள் முன்பு காய்ச்சல் பிடித்திருக்கிறது. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் மூளையின் ஹைப்போதலாமஸ் வரை போய், சினைப்பைக்கு உத்தரவு கொடுக்கும் ஹார்மோன் துடிப்புகளை மந்தப்படுத்தும். பட்டினியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் இன்னும் மந்தம். முட்டை காத்திருக்கும். 41-இல் 14-ஐக் கழித்துப் பாருங்கள்: அது 27-ஆம் நாள் வாக்கில்தான் வெளிவந்திருக்க வேண்டும். இதே காய்ச்சல் 20-ஆம் நாள் வந்திருந்தால், பீரியட்ஸ் பெரும்பாலும் தேதி தப்பாமல் வந்திருக்கும்.

போக்கு அதிகமானதும் இதன் தொடர்ச்சியே. முட்டை காத்திருந்த நாள்களில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தொடர்ந்து தடிமனாக்கிக்கொண்டே இருக்கும். தடித்த சுவர் உதிரும்போது ரத்தமும் கட்டியும் கூடும். (காய்ச்சல் வந்த மாதத்தில் 'பாதுகாப்பான நாள்' கணக்கை நம்பவே கூடாது. தள்ளிப்போனால், 'காய்ச்சலால்தான்' என்று நீங்களாக முடிவு கட்டாமல், ஒரு வாரம் பார்த்துவிட்டு காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.)

தடுப்பூசியும் இதே நோய் எதிர்ப்பு வேலையைத்தான் சிறிய அளவில் தூண்டுகிறது. ஊசிக்குப் பிறகு பீரியட்ஸ் மாறுகிறது என்று 2021-ல் பெண்கள் சொன்னபோது 'மன அழுத்தம்' என்று பலர் தட்டிக்கழித்தார்கள், அது தவறு. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 3,959 பெண்களின் சுழற்சிப் பதிவுகளை வைத்து வந்த ஆய்வில், கொரோனா ஊசி போட்ட மாதத்தில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தாமதமே இருந்தது. ஆனால் ஒரே சுழற்சிக்குள் இரண்டு டோஸும் போட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு எட்டு நாளோ அதற்கு மேலோ மாறியது. போடாதவர்களில் இது 4.3 சதவீதம். நம் ஊரில் கோவிஷீல்டு டோஸ்களுக்கு நடுவே பல வாரங்கள் விட்டதால் அந்தச் சிக்கல் நமக்கு அவ்வளவாக இல்லை. பின்னர் வந்த ஆய்வு, முதல் பாதியில் ஊசி போட்டவர்களுக்கே தாமதம் என்றது. நான் மேலே போட்ட கணக்கோடு அது பொருந்துகிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழுவும் 2022 அக்டோபரில், ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக உதிரப்போக்கைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. உங்கள் ஐந்து நாள் தாமதம் கற்பனை இல்லை. ஓரிரு சுழற்சியில் சரியாகிவிடக்கூடியது.

'பீரியட்ஸுக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி கூடாது' என்று 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியை மத்திய அரசே பொய் என்று மறுத்தது. எந்த நாளிலும் போடலாம். குழந்தைப்பேறு பற்றியும் கவலை வேண்டாம். கருத்தரிக்க முயன்ற தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில் கொரோனா தடுப்பூசியால் பாதிப்பு தெரியவில்லை. கணவருக்குக் கொரோனா தொற்றியபோதுதான் அடுத்த இரண்டு மாதங்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்தது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போட்ட மெஃப்டால். இந்த முறை காய்ச்சல் விட்டு வெகுநாள் கழித்துப் போட்டதால் தப்பித்தீர்கள். காய்ச்சலும் பீரியட்ஸும் ஒன்றாக வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை மெஃபனாமிக் அமிலம் (மெஃப்டாலில் இருப்பது இதுதான்), ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றையும் தொடாதீர்கள். டெங்குவில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும்போது இவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7-ஆம் நாள் வரைதான் ஆபத்து. காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, திடீரென்று கூடும் உதிரப்போக்கு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

டெங்கு இல்லாவிட்டாலும், ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்திலேயே நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள். போக்கு எட்டு நாளைத் தாண்டினாலும், மூன்று சுழற்சிக்குப் பிறகும் பழைய கணக்குக்கு வராவிட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின் (12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். டி.எஸ்.எச். பார்க்கக் காரணம் உண்டு: வைரஸ் காய்ச்சலுக்குச் சில வாரங்கள் கழித்துத் தைராய்டு வீங்கி, அதனாலும் பீரியட்ஸ் குழம்பலாம். தேதியைச் 'சரிசெய்ய' மருந்துக் கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போட்டால், எது நோய், எது மாத்திரையின் வேலை என்றே பிறகு பிரித்தறிய முடியாது.

உங்கள் அம்மாவோ அத்தையோ மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு, ஊசிக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டது என்றால், அதை ஊசியின் மீது போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கருப்பை உட்சுவரை ஸ்கேனில் அளந்தே ஆக வேண்டும்.