40 மணி நேர தெரபிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. ஆட்டிசம் என்று உறுதியாகிவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. வாரம் 40 மணி நேரம் தெரபி கொடுத்தால் பெரியவனாகும்போது எல்லோரையும் போல ஆகிவிடுவான் என்கிறார்கள். நகையை அடகு வைக்க யோசிக்கிறோம். செய்யலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா.

அந்த 40 மணி நேரக் கணக்கு, 1987-ல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள், ஐ.க்யூ.வும் சராசரிக்கு வந்தது. ஆனால் யாருக்கு எந்தப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. தெரபிஸ்ட் கிடைப்பதைப் பார்த்துப் பிரித்தார்கள். அதனால் பலன் பயிற்சியால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பயிற்சியில் தொடையில் அடிப்பதும் இருந்தது. விளம்பரத்தில் இதெல்லாம் வராது.

நாங்கள் அதிகம் நம்புவது பிரிட்டனின் 'பேக்ட்' ஆய்வை. 2 முதல் 4 வயது வரையுள்ள 152 குழந்தைகள்; இங்கே குலுக்கல் உண்டு. தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்ட் தாயோடு உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளை எதைப் பார்த்தான், நீங்கள் எங்கே அவசரப்பட்டீர்கள் என்று காட்டுவார். வீட்டில் தினமும் 30 நிமிடம் பழக வேண்டும். பயிற்சி முடிந்து ஆறு ஆண்டுக்குப் பிறகும் ஆட்டிசத்தின் தீவிரம் ஓரளவு குறைந்தே இருந்தது. போய்விடவில்லை. அந்தக் கணக்கெடுப்பே பத்து வயதுவாக்கில்தான். 25 வயதுக்கு உத்தரவாதம் கொடுப்பவர் எதை வைத்துக் கொடுக்கிறாரோ!

பெரியவர்களான பிறகு நிலை எப்படி என்று பார்த்த ஆய்வுகளில், ஐந்தாறு வயதுக்குள் பயன்படும் பேச்சு வந்ததும், ஐ.க்யூ.வும் முக்கியமாகத் தெரிகின்றன. இன்னொன்றை வீடுகளில் கவனிப்பதில்லை: அன்றாட வேலைகள். டிகிரி முடித்தும் தனியாகக் குளிக்கவோ, பஸ் ஏறவோ, சில்லறை எண்ணவோ தெரியாத இளைஞர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே டிராயர் (அரைக்கால்சட்டை) போடப் பழக்குவதிலிருந்து தொடங்குங்கள். இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை நீங்கள் போட்டுவிட்டு, கடைசியாக இடுப்புக்கு இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். வேலை முடிந்த திருப்தி அவனுக்குக் கிடைக்கும். அது பழகியதும் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து, கடைசியாகக் கால் நுழைப்பது. அவனுக்குப் பின்னால் நின்று கையைப் பிடித்து உதவுங்கள். வாரம் செல்லச் செல்லப் பிடியைத் தளர்த்துங்கள். "போடுடா, இழுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தக் குரல் கேட்டால்தான் செய்வான். கை உதவியைவிடக் குரல் உதவியை நிறுத்துவது கடினம். பல் தேய்ப்பது, சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது எல்லாம் இதே வழிதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும்.

பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர், பிஸ்கட், ஊஞ்சல் போட்டோக்களை அவன் எடுத்து உங்களிடம் கொடுத்துக் கேட்கப் பழக்குங்கள். படம் கொடுத்தால் பேசமாட்டான் என்பது வெறும் பயம். அவன் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பத்து வரை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவதை ஐந்து வயதிலேயே வழக்கமாக்குங்கள். பதினான்கில் மாற்றுவது பெரும்பாடு.

யூ.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை) இப்போதே விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஸ்பீச் தெரபிச் செலவையும் அதில் கேட்கலாம்.